ஹாட்ரிக்: ஒரு தொப்பியும் 76 வருடத் தகராறும்

ஹாட்ரிக்: கால்பந்தில், ஒரே ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல் அடிப்பது. கிரிக்கெட்டில், அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுப்பது. நம் பத்திரிகைகள் இதற்கு இன்னொரு பொருளும் கொடுத்திருக்கின்றன. எதையாவது தொடர்ந்து மூன்று தடவை சாதித்தால் போதும். மூன்று தேர்தல் வெற்றியும் ஹாட்ரிக், மூன்று வெற்றிப் படமும் ஹாட்ரிக்.

சொல் பிறந்தது கிரிக்கெட்டில். 1858-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹைட் பார்க் மைதானத்தில், எச்.எச்.ஸ்டீபன்சன் மூன்று பந்தில் மூன்று விக்கெட் சாய்த்தார். பார்த்தவர்கள் காசு திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். ‘ஹாட்’ அந்தத் தொப்பி. ‘ட்ரிக்’ என்றால் வித்தை. பிறகு இந்தச் சொல் கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் போனது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஒருவர் மூன்றாவது கோல் அடித்ததும் ரசிகர்கள் தங்கள் தொப்பிகளைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசுவார்கள். ஷெஃபீல்டுக்காரர்களாவது புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள்!

கால்பந்துக்கு வந்தபோது ‘அடுத்தடுத்து’ என்ற நிபந்தனை கழன்றுவிட்டது. இடையில் வேறு யார் கோல் அடித்தாலும் பரவாயில்லை, மொத்தம் மூன்று இருந்தால் சரி. ஜெர்மானியர்கள் மட்டும் கறார். ஆட்டத்தின் ஒரே பாதியில், நடுவில் வேறு யாரும் கோல் போடாமல், மூன்றும் ஒருவரே அடித்தால்தான் அவர்களுக்கு அது அசல் ஹாட்ரிக்.

உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் ஓர் அமெரிக்கருடையது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அவர் பெயர் பெர்ட் பேட்டனோட். 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் பிறந்தவர். ஃபால் ரிவர் பஞ்சாலை ஊர். ஆலை வேலைக்காக இங்கிலாந்திலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் பிரெஞ்சு பேசும் கனடாவிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் நிறைந்த ஊர், அதனால் கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். அமெரிக்காவில் அப்போது சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் ‘அமெரிக்கன் சாக்கர் லீக்’ நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் அணியான ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் அதில் பெரிய புள்ளி. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு மாசசூசெட்ஸில் தடை இருந்ததால், மாநில எல்லையைத் தாண்டி ரோட் ஐலண்டில் மைதானம் கட்டிக்கொண்ட கில்லாடிகள். அந்த அணியின் முன்கள வீரராகத்தான் பேட்டனோட் பேர் வாங்கினார்.

1930-ல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பை. அவருக்கு வயது 20. ஜூலை 13 அன்று பெல்ஜியத்தை அமெரிக்கா 3-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் அவருடையது. நான்கு நாள் கழித்து பராகுவேயுடன் ஆட்டம். மறுபடியும் 3-0. பத்தாவது, பதினைந்தாவது, ஐம்பதாவது நிமிடங்களில் கோல். மூன்றும் பேட்டனோட் அடித்தவை.

இதில் இரண்டாவது கோலில்தான் வில்லங்கம். ஃபிஃபா அதை அணித்தலைவர் டாம் ஃபுளோரியின் கணக்கில் எழுதிவிட்டது. பராகுவே வீரரே தவறிப்போய்த் தன் வலைக்குள் தட்டிவிட்டார் என்று பதிந்தவர்களும் உண்டு. இரண்டு நாள் கழித்து மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த அர்ஜென்டினாவின் கியெர்மோ ஸ்டாபிலேதான் முதல் ஹாட்ரிக் நாயகன் என்று பல காலம் எழுதிவந்தார்கள். கூட ஆடியவர்களின் சாட்சியத்தையும் அந்தக் காலச் செய்தித்தாள்களையும் வரலாற்று ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த பிறகு, 2006 நவம்பரில் ஃபிஃபா தன் பதிவைத் திருத்தியது. பேட்டனோட் அதைப் பார்க்கவில்லை. 1974-ல், தன் 65-வது பிறந்தநாளன்று இறந்துவிட்டார். ஒரு ஆறுதல்: அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் புகழ்மன்றம் 1971-லேயே அவரைச் சேர்த்துக்கொண்டது.

(ஜெர்மன் கணக்குப்படி பார்த்தால், இடைவேளை குறுக்கே வருவதால் அவருடையது ஹாட்ரிக்கே இல்லை. அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.)

சரி, தமிழில் என்ன சொல்வது? மூன்று கோல் என்பதால் ‘முக்கோல்’ என்று புணர்த்திவிடத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. கலித்தொகையில் அந்தணர்கள் கையில் ஏந்திவரும் மூன்று கோல் சேர்ந்த தண்டுக்கு முக்கோல் என்றுதான் பெயர். ‘மும்மை’ என்றால் மூன்றாக இருக்கும் தன்மை. பொருள் சரிதான், ஆனால் மைதானத்தில் கத்தத் தோதான சொல் இல்லை.

என் ஓட்டு ‘மும்முடி’க்கு. முதலாம் ராஜராஜனுக்கு மும்முடிச் சோழன் என்று ஒரு பட்டம் உண்டு. மூன்று நாட்டு முடிகளையும் சூடியவன் என்று விளக்குவார்கள். மூன்று என்ற எண்ணும் தலையில் அணிவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. வழுக்கைத் தலை ஆட்டக்காரர் மும்முடி அடித்தால் கிண்டல் செய்வார்கள், அதுதான் சிக்கல்.

அன்றாட எழுத்தில் ஹாட்ரிக் தாராளமாக இருக்கட்டும். இலங்கையில் அதையே ‘ஹெட்ரிக்’ என்று எழுதுகிறார்கள். வினையை மட்டும் கவனித்துப் போடவேண்டும்: கால்பந்தில் ஹாட்ரிக் அடிப்பார்கள், கிரிக்கெட்டில் எடுப்பார்கள். தேர்தலில் ‘தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றார்’ என்று எழுதினாலே போதும், தொப்பி தேவையில்லை.