புரோட்டோகால்: நெறிமுறையா, உடன்படிக்கையா, விதிமுறையா?

மாதிரி ரயில் எஞ்சின்களுக்கு 'நெறிமுறைக் குறைபாடுகள்' உண்டாம். கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் 'புரோட்டோகால்' என்று பெயர்; அதை 'நெறிமுறை' என்று பெயர்த்ததால் வந்த வினை இது. டிஜிட்டல் கட்டுப்பாட்டைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இந்தத் தொடரைக் கூசாமல் பயன்படுத்துகிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? எஞ்சின் லஞ்சம் வாங்கியதா, பொய்ச்சாட்சி சொன்னதா? மருத்துவ ஆராய்ச்சியில் அறம் தவறாமல் பார்த்துக்கொள்ள 'நெறிமுறைக் குழு' இருக்கிறது. அதே சொல்லைத் தூக்கி மின்துடிப்புகளின் தலையில் கட்டினால், சொல்ல வந்த குறை ஒன்று, காதில் விழும் குற்றம் வேறொன்று.

மூலச்சொல்லின் கதை சுருக்கமானது. கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளுக்கு அந்தப் பெயர். பிறகு பத்திரத்தின் மூலப்படி, அரசுகளுக்கு இடையிலான சம்பிரதாயம் என்று பொருள் நகர்ந்து, 1960-களில் கணினிகளின் செய்திப் பரிமாற்றத்துக்கு வந்து சேர்ந்தது. வேரைப் பிடித்துக்கொண்டு யாரும் 'முதலொட்டு' என்று கிளம்பாதவரை மகிழ்ச்சி.

நெறிமுறை பிடிக்காதவர்கள் முன்வைக்கும் மாற்று 'உடன்படிக்கை'. தூய தமிழ், அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடன்பட இருவர் வேண்டாமா? மாதிரி ரயில் உலகில் பரவலாக உள்ள டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையைப் பாருங்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் தரப்படுத்தியது இது. தண்டவாளத்தில் பாயும் மின்சாரமே செய்தியையும் சுமக்கிறது. மின்முனை மாறும் இடைவெளி 58 மைக்ரோவினாடி என்றால் 'ஒன்று'. 100 அல்லது அதற்கு மேல் என்றால் 'சுழி'. முன்னோட்டமாகக் குறைந்தது 14 ஒன்றுகள், அடுத்து எஞ்சினின் முகவரி, அடுத்து கட்டளை, கடைசியில் பிழை பார்க்க ஒரு பைட். கணக்கு ஒத்துவராவிட்டால் எஞ்சினுக்குள் இருந்து செய்தியைப் படிக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று அதைச்ச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். கட்டளை அனுப்பிய மின்னணுப் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு செய்திக்கு ஏறத்தாழ 6 மில்லிவினாடி. எல்லா எஞ்சின்களுக்கும் ஒரே பாதை. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் முறையும் தள்ளிப்போகிறது.

இதில் உடன்பாடு எங்கே இருக்கிறது? ஒருவர் ஆணையிடுகிறார், மற்றவர் கேட்டால் கேட்கிறார். புதிய எஞ்சின்கள் வழக்கமாக 3 என்ற முகவரியோடு வருகின்றன. அதை மாற்றாமல் இரண்டைத் தடத்தில் வைத்துக் குமிழைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து புறப்படும். 'இங்கே இருவர் இருக்கிறோம்' என்று சொல்ல அவற்றுக்கு வழியில்லை. அழுக்குத் தண்டவாளத்தைச் சமாளிக்கச் சிலர் மின்தேக்கி பொருத்துகிறார்கள். சக்கரத்தில் தொடர்பு அறுந்தாலும் எஞ்சின் நிற்காது, நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் 'நில்' என்று ஆணையிட்டால் அது போய்ச் சேராது. கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே கொஞ்ச தூரம் ஓடும்.

டிகோடரின் அமைப்புகளை மாற்றுவதற்கென்று உள்ள நிரல்படுத்தும் தடத்தில் மட்டும் எஞ்சின் தலையாட்டும். டிகோடர் 6 மில்லிவினாடி நேரம் 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுக்கும். பெரும்பாலும் மோட்டாரைச் சற்றுத் துடிக்கவிட்டே இதைச் செய்வதால் எஞ்சின் வெடுக்கென்று அசைவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தத் தலையாட்டலுக்கு உடன்படிக்கை என்ற பெயர் அதிகம். பின்னால் வந்த ரெயில்காம், எம்எஃப்எக்ஸ் போன்ற முறைகளில் எஞ்சின் பதில் பேசுகிறது என்பார்கள். பேசட்டும். அங்கேயும் அது பேரம் பேசி ஒப்பந்தம் போடவில்லை, கேட்டதற்குத் தகவல் தருகிறது.

'தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கிறார்களே' என்று ஒரு வாதம் உண்டு. அவர்கள் உடன்பட்டதன் பெயர் தரநிலை. தரநிலை வேறு, செய்தி எப்படி அமைய வேண்டும் என்கிற விதிகள் வேறு. அந்த உடன்பாடும் தண்டவாளத்தோடு நின்றுவிட்டது: பெட்டியையும் கைக்கருவியையும் இணைக்கும் கம்பியில் லோகோநெட் ஒரு மொழி, எக்ஸ்பிரஸ்நெட் வேறொரு மொழி. ஒன்றின் கைக்கருவி மற்றதில் வேலை செய்யாது.

என் தேர்வு 'தொடர்பு விதிமுறை'. 'விதி' வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். விதிமுறைப்படி இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும்; விதிமுறைப்படி இல்லாத செய்தியை டிகோடர் செய்வதும் அதுவே. 'வரைமுறை' என்பதும் தூயதுதான், ஆனால் அது எல்லையைச் சொல்லும் சொல்லாகவே வழங்குகிறது. 'வரைமுறையில்லாமல் பேசுகிறான்' என்றால் இலக்கணப் பிழையோடு பேசுகிறான் என்றா பொருள்? பேச்சில் புரோட்டோகால் என்றே சொல்லிவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

உண்மையான நோய், எதைப் பற்றிய வாக்கியம் என்று பாராமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவது. டிகோடரின் அமைப்புகளை மாற்றும் 'சர்வீஸ்' நிலையைச் 'சேவை நிலை' என்கிறார்கள். அங்கே யாருக்கும் சேவை நடக்கவில்லை. அமைவு நிலை என்றால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டளை அனுப்பும் பெட்டிக்குக் 'கட்டளை நிலையம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரயிலைப் பற்றிய கட்டுரையில் நிலையம் என்று படித்தால், எந்த நடைமேடையில் வண்டி வரும் என்றுதானே கேட்கத் தோன்றும்?