எதிர்ப்பொருள்: ஒரு சொல் விளக்கம்

உடலுக்குள் புகுந்த அயற்பொருள் ஒன்றின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடையாளங்கண்டு பற்றிக்கொள்வதற்காக, வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி அணுக்களின் வழியே உருவாகி, இரத்தத்திலும் பால், உமிழ்நீர் போன்ற உடல்நீர்களிலும் கலந்திருக்கும் புரதமே எதிர்ப்பொருள் ஆகும். இரண்டாகப் பிரியும் கவட்டைக் கிளையை ஒத்த வடிவம் கொண்ட இதன் இரு முனைகளும் பற்றும் இடங்களாக அமைகின்றன. அடித்தண்டு மற்ற தற்காப்பு அணுக்களுக்குச் சைகை காட்டுகிறது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஐ.ஜி.ஜி. வகையின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன்).

இதற்குத் தமிழில் இன்று பல பெயர்கள் வழங்குகின்றன. பேச்சிலும் செய்தித்தாளிலும் ‘ஆன்டிபாடி’ என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லும், இலங்கைத் தமிழ் வழக்கில் ‘பிறபொருளெதிரி’ என்ற சொல்லும் பயில்கின்றன. ‘உடலெதிரி’ என்று எழுதுவோரும் உள்ளனர். இவற்றுக்கு அப்பால், ஆன்டிபாடி என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதிவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. இந்தக் கடைசிப் பழக்கம் சிறு பிழையாகத் தோன்றினாலும், மாற்று மருத்துவத்தில் நம்பிக்கை கொண்டோர் சிலர் எதிர்ப்பொருளின்மீது எழுப்பும் ஐயங்களுள் பாதிக்கு அதுவே இடம் கொடுக்கிறது என்பது என் கருத்து.

அந்த ஐயங்கள் மூன்று வகைப்படும். எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்மையில் இல்லை, அது ஆய்வகத்தின் கற்பனை என்பது முதலாவது. அப்படி ஒன்று இருந்தாலும் அது நோயைத் தடுப்பதில்லை என்பது இரண்டாவது. நோய் கிருமியால் வருவதே இல்லை, உடலில் கழிவு தேங்குவதாலோ உள்சூழல் கெடுவதாலோதான் வருகிறது, ஆகவே எதிர்ப்பதற்கே எதுவுமில்லை என்பது மூன்றாவது. இவை தனித்தனிக் கூற்றுகள். ஒன்றுக்கு விடை கேட்டால் மற்றொன்றுக்குத் தாவும் வகையில் பிணைந்தே வருகின்றன. சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதாகிறது.

1890 டிசம்பரில், பெர்லினில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் வான் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபசபுரோவும் ஒரு முடிவை வெளியிட்டனர். இழுப்புவாத (டெட்டனஸ்) நஞ்சைத் தாங்கும்படி பழக்கப்படுத்தப்பட்ட முயலின் இரத்தநீரை எடுத்துச் சுண்டெலிக்குச் செலுத்தினால், அந்நஞ்சினால் சாகவேண்டிய சுண்டெலி பிழைத்துக்கொள்கிறது. பாதுகாப்பு ஓர் உயிரிடமிருந்து இன்னோர் உயிருக்கு அணுக்கள் நீக்கிய வெறும் நீரின் வழியே மாறியது என்றால், அந்நீரில் ஏதோ ஒரு பொருள் இருந்தாகவேண்டும். அவர்கள் அதனை நஞ்சுமுறிக்கும் பண்பு என்றே குறித்தார்கள். பொருளுக்குப் பெயர் வைக்கவில்லை. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு பெரிங்குக்கு வழங்கப்பட்டது.

பெயர் 1891இல் ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்கின் கட்டுரையில் பிறந்தது. அவர் எடுத்துக்கொண்டது எந்தக் கிருமியையும் அன்று. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின், நம் பொற்கொல்லர்கள் எடைக்கு வைத்திருந்த குன்றிமணியிலுள்ள ஆப்ரின் ஆகிய இரண்டு தாவர நஞ்சுகளையே அவர் தேர்ந்தார். சுண்டெலிகளுக்கு ரிசினை மிகச் சிறிய அளவில் உணவோடு கொடுத்துப் படிப்படியாகக் கூட்டிவந்தபோது, சாதாரண எலியைப் பலமுறை கொல்லும் அளவையும் அவை தாங்கின. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலி ஆப்ரினைத் தாங்கவில்லை; ஆப்ரினுக்குப் பழகியது ரிசினைத் தாங்கவில்லை. பொதுவாக உடல் வலுப்பெற்றதே காரணம் என்றால் இரண்டையும் தாங்கியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியாக ஒரு பொருள் உண்டாகிறது என்று முடிவுகட்டி, அதற்கு ஜெர்மன் மொழியில் ‘ஆன்டிகோர்ப்பர்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அவர் இன்னொன்றையும் காட்டினார். ரிசின் இரத்தச் சிவப்பணுக்களைத் திரளவைக்கும். பழகிய விலங்கின் இரத்தநீரைச் சேர்த்தால் கண்ணாடிக் குழாயிலேயே அத்திரட்சி நின்றுவிடும். உயிருள்ள உடல், மனத்தின் நம்பிக்கை, உணவுப் பழக்கம் எவையும் அங்கே இல்லை. பொருளும் பொருளும் மட்டுமே இருந்தன.

‘கோர்ப்பர்’ என்பதற்கு ஜெர்மனில் உடல் என்ற பொருள் உண்டு. ஆயினும் இயற்பியலிலும் வேதியியலிலும் அது இடத்தை அடைத்து நிற்கும் பருப்பொருளைக் குறிக்கும். எர்லிக் அந்தப் பொருளிலேயே அதனை ஆண்டார். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்க்கப்பட்டு ‘ஆன்டிபாடி’ ஆனபோது, ஆங்கிலமறிந்த பொதுமக்களின் காதில் உடல் என்ற பொருளே முன்னின்றது. அங்கிருந்து தமிழுக்கு வந்த ‘உடலெதிரி’ என்ற ஆக்கம் இதனால் தவறான திசையைக் காட்டுகிறது. உடலே உடலுக்காக உண்டாக்கும் ஒன்றை, உடலுக்குப் பகையானது என்று அது ஒலிக்கச் செய்கிறது. தடுப்பூசி உடலுக்கு எதிரானதை உள்ளே வளர்க்கிறது என்று அஞ்சும் ஒருவரிடம் இச்சொல்லைக் கொடுப்பது அந்த அச்சத்துக்கு உரமிடுவதாகும். சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் சில நோய்களில் உண்டாவது உண்மை. அவற்றுக்குத் தன்னெதிர்ப்பொருள் என்று தனிப்பெயர் இருக்கிறது.

எதிர்ப்பொருள் என்ற கருத்து கிருமியைச் சாராமலேயே பிறந்தது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிருமிக் கோட்பாட்டை முற்றிலும் மறுப்பவரும் எதிர்ப்பொருளை மறுக்க முடியாது. ஓட்டுநர் உரிமத்தில் பொறித்துக்கொள்ளும் இரத்தவகையை எடுத்துக்கொள்வோம். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கும் அந்தச் சோதனையில், ஏ-க்கும் பி-க்கும் உரிய எதிர்ப்பொருள் கொண்ட துளிகளை நம் இரத்தத்துளியோடு கலந்து, எதில் திரள்கிறது என்று பார்க்கிறார்கள். மருந்துக்கடையில் விற்கும் கருவுறுதல் சோதனைப் பட்டையில் கோடு விழச் செய்வதும் எதிர்ப்பொருளே.

இவற்றினும் அழுத்தமான சான்று பாம்புக்கடி மருந்து. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு எடுக்கப்படுகிறது. மருந்து செய்யும் இடத்தில் அந்நஞ்சைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். எர்லிக் எலிக்குச் செய்ததும் இதுவே. கடிபட்டவரின் உடலில் அன்றைய பொழுதுக்குள் எதிர்ப்பொருள் உண்டாக நேரமில்லாததால் குதிரையுடையதைக் கடன் வாங்குகிறோம். வயலில் கடிபட்டு மூச்சுத் திணறி வந்தவர் இக்குப்பிகளால் எழுந்து நடந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உள்ளன. ஆன்டிபாடி கற்பனை என்று சொல்பவர் இந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இனி, மூன்றாவது ஐயத்தின் மையமான ‘கிருமி’க்கு வருவோம். வடமொழி வழி வந்த இச்சொல்லின் பழம்பொருள் புழு என்பதே. இராமானுசரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு சொல்லும் மன்னனுக்கு, கழுத்தில் புழு நெளியும் புண் வந்ததால், ‘கிருமிகண்ட சோழன்’ என்ற பெயர் ஏற்பட்டது. கண்ணுக்குத் தெரியும் புழுவைக் குறித்த சொல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்குப் பின்னர் பெயர்ந்தது. ஆங்கிலத்தின் ‘ஜெர்ம்’ வேறு வழியில் வந்தது. இலத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு முளை என்று பொருள், கோதுமை மணியின் முளைக்கருவுக்கு இன்றும் ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்குகிறது. நோயை முளை என்று கண்டவர்கள், அது விழும் நிலத்தைப் பற்றியும் பேசத் தொடங்கியது இயல்பே. பிரான்சில் பாஸ்டரின் காலத்தவரான அந்துவான் பெஷாம், நுண்ணுயிர்கள் உடலின் சொந்தத் துகள்களிலிருந்தே உருமாறித் தோன்றுகின்றன என்றும், உடல்நிலம் கெட்ட பின்னரே அவை வருகின்றன என்றும் வாதிட்டார். இன்றைய மறுப்பாளர்கள் பெரிதும் சார்ந்து நிற்பது அவரையே. பாஸ்டர் மரணப்படுக்கையில் ‘நுண்ணுயிர் ஒன்றுமில்லை, நிலமே எல்லாம்’ என்று ஒப்புக்கொண்டதாகவும் ஒரு கதை சுற்றுகிறது. அவருடைய எழுத்துகளில் அப்படியொரு வாக்கியம் காணப்படவில்லை.

நிலத்தைப் பற்றி பாஸ்டர் அறியாதவர் அல்லர். கோழிக்கு ஆந்த்ராக்ஸ் நோய் எளிதில் வருவதில்லை. அதன் உடல்வெப்பம் கூடுதலாக இருப்பதே காரணமாகலாம் என்று எண்ணிய அவர், 1878இல் கோழியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வெப்பத்தைக் குறைத்து ஆந்த்ராக்ஸ் கிருமியைச் செலுத்தினார், அது செத்தது. கிருமி செலுத்தப்பட்டும் குளிரில் நிறுத்தப்படாத கோழி பிழைத்தது. குளிரில் நிறுத்தப்பட்டும் கிருமி செலுத்தப்படாத கோழியும் பிழைத்தது. நிலமும் வேண்டும், முளையும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். மறுப்பாளர்கள் முதல் கோழியைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றாவது கோழியை விட்டுவிடுகிறார்கள்.

மியூனிக் நகரில் சுகாதாரவியல் அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோபர், காலராவுக்கு மண்ணின் நிலையும் நிலத்தடி நீரும் துணைசெய்தாலன்றிக் கிருமி மட்டும் போதாது என்று உறுதியாக நம்பி, 1892 அக்டோபரில் காலராக் கிருமி நிறைந்த நீரைத் தாமே குடித்தார். அவருக்கு வயிற்றுப்போக்கோடு போயிற்று. அதனையே வெற்றியாக இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். அவருடைய மாணவர் எம்மெரிச்சும் அவ்வாறே குடித்து அவரினும் கடுமையாக நோயுற்றார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. கிருமி புகுந்த ஒவ்வொருவரும் நோயுறுவதில்லை என்பதை ராபர்ட் காக்கும் அறிந்திருந்தார். காலராவில் நோயின்றிக் கிருமியைச் சுமப்போரைக் கண்டபின், ஒரு நோயின் கிருமி நோயுற்றவரிடம் மட்டுமே காணப்படவேண்டும் என்ற தம் விதியையே அவர் தளர்த்திக்கொண்டார்.

எஞ்சியிருப்பது இரண்டாவது ஐயம். அதில் ஓரளவு உண்மை இருப்பதால் அதனைப் பொறுமையோடு அணுகவேண்டும். எதிர்ப்பொருள் இருந்தும் நோய் இருப்பது உண்டு. எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஆனால் வைரஸ் தன் மேற்புறத்தை விரைந்து மாற்றிக்கொண்டும் அணுக்களின் மரபுப்பொருளுக்குள் ஒளிந்தும் தப்பிவிடுகிறது. அங்கே எதிர்ப்பொருள் தொற்றின் அடையாளமே தவிர, காப்பு அன்று. பிறந்த குழந்தையின் இரத்தத்திலோ தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் 18 மாதம் வரைகூட இருக்கக்கூடும் என்பதால், அது குழந்தைக்குத் தொற்று உண்டு என்பதற்கும் சான்றாகாது. ‘எதிர்ப்புச் சக்தி இருப்பவரை ஏன் நோயாளி என்கிறீர்கள்’ என்று எய்ட்சுக்கு எச்.ஐ.வி. காரணமன்று என்று வாதிட்ட அமெரிக்காவின் பீட்டர் டூஸ்பெர்க் வழியினர் கேட்டது இந்த இடத்தில்தான். தென்னாப்பிரிக்காவில் தாபோ உம்பெக்கியின் அரசு அவ்வாதங்களுக்குச் செவிகொடுத்து மருந்தைத் தாமதப்படுத்தியதால், 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணித்தனர்.

எதிர்ப்பொருள் இல்லாமலும் சில நோய்கள் தீர்வதுண்டு. 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோனியாக் கிருமியின் தொற்றால் மீண்டும் மீண்டும் படுத்த எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் எனப்படும் எதிர்ப்பொருள் பகுதியே இல்லாததைக் கண்டார். இக்குறையுள்ள குழந்தைகள் தட்டம்மையிலிருந்து பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே மீள்கிறார்கள். வைரஸ் குடிகொண்ட அணுக்களை அழிப்பது வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்களின் வேலை என்பதே காரணம். ஆகவே எதிர்ப்பொருள் தேவையற்றது என்று இதனைக் காட்டி எழுதுவோர், புரூட்டன் அச்சிறுவனுக்கு என்ன செய்தார் என்பதையும் எழுதவேண்டும். மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதந்தோறும் செலுத்தினார். அச்சிறுவனைத் துரத்திய தொற்றுகள் நின்றன. தாயின் சீம்பாலைப் போற்றாத இயற்கை மருத்துவர் இல்லை. அப்பாலின் காக்கும் பண்பில் பெரும்பங்கு அதிலுள்ள ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளுக்கு உரியது.

எனவே தமிழில் இரண்டு சொற்களைப் பிரித்தே ஆளவேண்டும். பொருளைக் குறிக்க ‘எதிர்ப்பொருள்’. உடல் நோயைத் தாங்கும் நிலையைக் குறிக்க ‘எதிர்ப்பாற்றல்’ அல்லது ‘நோயெதிர்ப்பு’. ‘பொருள்’ என்ற ஈறு எர்லிக்கின் ‘கோர்ப்பர்’ குறித்த பருப்பொருளை அப்படியே தருவதால், முதற்சொல்லை நான் விரும்புகிறேன். எதனை எதிர்க்கிறது என்பதையும் சொல்லும் ‘பிறபொருளெதிரி’ நுட்பமானது. நெடிதாக இருப்பதொன்றே அதன் குறை. எதிர்ப்பொருள் உண்டாகக் காரணமான அயற்பொருளைக் குறிக்கும் ‘ஆன்டிஜென்’ என்பதற்கு ‘எதிர்ப்பொருள் தூண்டி’ பொருந்தும். ஆன்டிபயாட்டிக் மருந்தை ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று வேறாகவே எழுதவேண்டும். எதிர்ப்பொருளையும் நுண்ணுயிர்க்கொல்லியையும் ‘எதிர் உயிரி’ என்று கலந்தெழுதும் வழக்கம் ஒழியவேண்டும். ஆய்வக அறிக்கையைத் தமிழில் தருவோர் ‘இன்ன கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது’ என்று எழுதி, அது பழைய தொற்றின் தடமா, தடுப்பூசியின் பயனா, இப்போதைய நோயின் அடையாளமா என்பதை அடுத்த வரியில் தனியாகச் சொல்லவேண்டும்.