பக்க விளைவு வேறு, மருந்துத் தீங்கு வேறு

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மருந்தால் உடம்புக்கு வரும் கேட்டைக் குறிக்க எழுதுகிற 'பாதகமான எதிர்வினை' என்ற சொல் கடைக்கு வருகிற துண்டுத் தாள்களில் சில வருடங்களாகவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிறது. போன வாரம் புதிதாக அச்சான ஒரு தாளிலும் அதே சொல். இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல்லால் ஒரு மனிதர் நாலு நாள் வீட்டிலேயே படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆடி மாதம். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்து, "அண்ணா, வாந்தி நிக்கறதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றார். யாருக்கு என்று கேட்டேன். கணவருக்கு. டிபி மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது வாரம். "நாலு நாளா சோறு எறங்கல. கண்ணு வேற மஞ்சளா கீது. சைடு எஃபெக்ட்டு தானே அண்ணா? மொத வாரம் மூத்திரம் செவப்பா போச்சு. பக்க விளைவுதான், பயப்படாதீங்கன்னு அப்பவே சொன்னாங்க."

மாத்திரைக் கவரோடு ஒரு தாளும் மடித்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். 'பாதகமான எதிர்வினைகள் காணப்படின் உடனடியாக மருத்துவரை அணுகவும்' என்று இருந்தது. இதைப் படிக்கவில்லையா அம்மா என்றேன். "படிச்சேனே. எதிர்வினைன்னா மருந்து நோயை எதிர்க்குதுன்னுதானே அர்த்தம்?"

என்னிடம் பதில் இல்லை. வாந்தி மாத்திரை கொடுக்காமல் அப்போதே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். கல்லீரல் வீங்கியிருந்தது. மாத்திரைகளை நிறுத்தி, ரத்தப் பரிசோதனை சரியான பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறார்.

அந்த வீட்டில் நடந்ததை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லைப் பார்ப்போம். சிறுநீர் சிவந்தது ரிஃபாம்பிசின் மாத்திரையால். அந்த மருந்தின் நிறமே அதுதான். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றிலும் ஆரஞ்சாக இறங்கும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இதுதான் பக்க விளைவு. கண் மஞ்சளானது கல்லீரல் அடிபட்டதால். ஐசோநியசிட், பைராசினமைடு, ரிஃபாம்பிசின் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அது தீங்கு. ஒரே கவரில் இருக்கிற மாத்திரைகள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்குப் பயந்து மாத்திரையை விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம். இன்னொன்றைப் பொருட்படுத்தாமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நாம் கொடுத்திருக்கிற சொற்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றனவா என்பதுதான் என் கேள்வி.

'பக்க விளைவு' ஆங்கிலத்தின் 'சைடு எஃபெக்ட்' என்பதன் நேர்ப் பெயர்ப்பு. மோசமான பெயர்ப்பு இல்லை. பக்கவாத்தியம் என்கிறோம் அல்லவா, அதுபோல முக்கியமானதோடு கூட வருவது. அது நல்லதாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு வந்த மினாக்ஸிடில் முடி வளர்த்ததால் இன்றைக்கு வழுக்கைக்கு விற்கிறது. சளிக்குப் போடுகிற குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும், ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். இவற்றையெல்லாம் பக்க விளைவு என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரே ஒரு குறை, வயதானவர்கள் சிலர் 'பக்க' என்று கேட்டதும் பக்கவாதத்தை நினைத்து நடுங்குகிறார்கள். அதை ஒரு வார்த்தையில் தெளிவுபடுத்திவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், பக்க விளைவு என்பது எடை குறைந்த சொல். கேட்டதும் 'அது சும்மா, கூட வர்றது' என்று மனசு ஒதுக்கிவிடும். கல்லீரல் வீக்கத்தை, ஆஸ்பிரினால் வயிற்றில் வரும் ரத்தக் கசிவை, பெனிசிலின் ஊசி போட்ட சில நிமிடத்தில் மூச்சு அடைப்பதை இந்தச் சொல்லில் அடக்கக் கூடாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கத்துக்கும் விழுங்கினார்கள். 1961 நவம்பரில் அது அங்கே கடைகளிலிருந்து எடுக்கப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. அதைப் பக்க விளைவு என்று எழுத யாருக்கு மனசு வரும்? இப்படி மருந்தால் வரும் தீங்குக்கு உலக சுகாதார நிறுவனம் 1972இல் வரையறை கொடுத்தது. வழக்கமாகக் கொடுக்கிற அளவிலேயே, யாரும் எண்ணாமல், உடம்புக்குக் கேடாக மருந்து செய்வது எதுவோ அது. அளவு தப்பி விழுங்கி வருவது இதில் சேராது.

இதற்குத்தான் 'பாதகமான எதிர்வினை' என்று எழுதுகிறார்கள். 'அட்வர்ஸ் ரியாக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் பாதிக்கு லத்தீனில் 'எதிராகத் திரும்பிய' என்று பொருள், இரண்டாம் பாதி 'ரியாக்‌ஷன்'. அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் கேட்கிறவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை.

முதலில் 'எதிர்'. மருத்துவத் தமிழில் எதிர் என்பது நல்லது. நோய் எதிர்ப்பு சக்தி நல்லது. நுண்ணுயிர் எதிர்ப்பி, அதாவது ஆன்டிபயாடிக், நல்லது. நோய்க்கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்பொருள் உடம்பில் உருவானால் நல்லது. இப்படி வருடக்கணக்காகப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'எதிர்வினை வந்தால் ஓடி வா' என்றால் கொருக்குப்பேட்டை அம்மா எப்படிப் புரிந்துகொள்வார்? அவர் புரிந்துகொண்டதுதான் தமிழின் நேரான பொருள். பிழை அவருடையது இல்லை, எழுதினவருடையது. போதாததற்கு எதிர்வினை இப்போது செய்தித்தாள் சொல்லாகிவிட்டது. ஒருவர் பேசினால் இன்னொருவர் 'எதிர்வினை ஆற்றுகிறார்'. பள்ளிக்கூடத்தில் அது நியூட்டனின் மூன்றாம் விதி. உடம்பு கெடுவது இதில் எங்கே இருக்கிறது?

அடுத்தது 'பாதகம்'. வடமொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பாவம் என்று பொருள், இன்னொன்றுக்குத் தடை, இடைஞ்சல். ஒலி வேறு வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால் பஞ்சமா பாதகமும் பாதகம், சாதக பாதகமும் பாதகம். திட்டும்போது பாதகத்தி என்கிறோம். யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் 'பாதகமில்லை' என்கிறோம். கொடும்பாவத்துக்கும் கால் மிதிபட்டதற்கும் நடுவே எங்கேயோ ஊசலாடுகிற ஒரு சொல்லை மாத்திரைக் கவரில் போட்டு, நோயாளி தன் ஆபத்தின் அளவைத் தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். வடசொல் என்பதற்காக இதை நான் தள்ளவில்லை. 'அபாயம்' கூட வடசொல்தான், அதைக் கேட்டால் எல்லாருக்கும் பகீர் என்கிறது. அந்த வேலையைப் பாதகம் செய்யவில்லை என்பதுதான் என் குறை.

இன்னும் சிலர் 'எதிர்மறை விளைவு' என்கிறார்கள். இது அதைவிட மோசம். இலக்கணத்தில் எதிர்மறை என்றால் இல்லை என்பது. பரிசோதனை முடிவு 'எதிர்மறை' என்றால் நோய் இல்லை, நல்ல சேதி. அடுத்த வரியிலேயே எதிர்மறை விளைவு என்றால் கெட்ட சேதியா?

தாள் கைக்கு வராதவரை சனங்கள் இதில் பெரும்பாலும் குழம்புவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் கடையில் ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் வருது, வாய் காயுது என்றால் 'சைடு எஃபெக்ட்டு' என்பார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கிவிட்டது என்றால் 'ரியாக்‌ஷன் ஆயிடுச்சு' என்பார்கள். இரண்டும் ஆங்கிலச் சொல்தான், ஆனால் எது எதற்கு என்று துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். படிக்காத பாட்டி கூடப் பெரும்பாலும் மாற்றிச் சொல்ல மாட்டார். பிரிந்து கிடந்ததை மறுபடி ஒன்றாகக் கலக்கியது மொழிபெயர்ப்புதான்.

'ஒவ்வாமை' நல்ல சொல். ஒவ்வு என்றால் பொருந்து. நம் 'ஒத்துக்கல'யும் அதே குடும்பம். ஆனால் அது அலர்ஜிக்கு நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். கல்லீரல் கெடுவது பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை.

சரி, அப்புறம் எதை வைப்பது? தனித்தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் 'ஊறு' என்றார், துன்பம், தீங்கு என்று பொருள். எனக்கும் பிடித்த சொல். 'மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு' என்று மருந்து அதிகாரத்திலேயே இருக்கிறது, 945ஆம் குறள். பொருளும் கச்சிதம். ஆனால் காசிமேட்டில் மீன் வலை பின்னுகிறவரிடம் 'மருந்து ஊறு' என்றால் மருந்தைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்கிறோம் என்று நினைப்பார். அழகுக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்க முடியாது. 'கேடு' என்றால், மது பாட்டிலிலும் சிகரெட் அட்டையிலும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன சொல்.

'தீங்கு' அப்படி இல்லை. தீமை, தீது, தீயது எல்லாவற்றோடும் ஒரே வேர். எழுத்துத் தமிழிலும் நிற்கும், பேச்சிலும் நிற்கும், எதையும் மறைக்காது. 'மருந்துத் தீங்கு' என்று எழுதுங்கள். வேற்றுமை உருபு வேறு நமக்குக் கூடுதல் வசதி. 'மருந்தால் வந்த தீங்கு' என்றால் மருந்துதான் காரணம் என்று தெரிந்தது. 'மருந்துக்குப் பின் வந்த தீங்கு' என்றால் பிறகு வந்தது, காரணம் இன்னும் உறுதியாகவில்லை. தடுப்பூசி போட்ட மறுநாள் ஒருவர் கீழே விழுந்தால் முதலில் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு ஆங்கிலத்தில் 'ரியாக்‌ஷன்', 'ஈவென்ட்' என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. நமக்கு 'ஆல்' ஒன்று போதும். இதை விட்டுவிட்டு 'பாதக நிகழ்வு' என்று எதற்குத் திணற வேண்டும்?

தீங்கு என்று எழுதினால் சனங்கள் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடும்போதுதான் பயம் வருகிறது. இது பக்க விளைவு, சிறுநீர் சிவக்கும், மாத்திரையை விடாதே. இது தீங்கு, கண் மஞ்சளானால், எத்தம்பியூட்டால் என்கிற டிபி மாத்திரை சாப்பிடும்போது பார்வை மங்கினால், அன்றைக்கே டாக்டரைப் பார். இப்படிப் பிரித்துச் சொன்னபிறகு என்னிடம் மாத்திரை வாங்குகிற ஒருவர் கூடச் சிவப்பைப் பார்த்து நிறுத்தவில்லை.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் பார்த்தேன், 'பாதுகாப்பு அபாயங்கள்'. பாதுகாப்பு என்றால் நமக்குக் காவல், ராணுவம், பூட்டு. அதற்கு ஏன் அபாயம்? 'இந்த மருந்தால் வரக்கூடிய ஆபத்துகள்' என்று எழுத என்ன தடை? 'காணப்படின்', 'தோன்றின்', 'அணுகவும்' என்பதெல்லாம் யார் பேசுகிற தமிழ்? 'வந்தால்', 'தெரிந்தால்', 'போய்ப் பாருங்கள்' என்று எழுதினால் தமிழின் கௌரவம் குறைந்துவிடாது. மொழிபெயர்க்கிறவர்கள் அச்சுக்கு அனுப்பும் முன் தங்கள் தெருவில் ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அது அரைமணி நேர வேலை.

மருந்தால் தீங்கு வந்தால் தெரிவிக்க 2010இலிருந்து நாட்டில் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே சொல்லலாம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

இப்போது டிபி மாத்திரை சாப்பிடுகிறவர் யார் வந்தாலும் கவரின் பின்பக்கம் பேனாவால் நானே எழுதிக் கொடுக்கிறேன்: 'மூத்திரம் சிவக்கும், பரவாயில்லை. கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால் அது மருந்தின் தீங்கு. அன்றே போங்கள்.' அதற்குக் கீழே அந்த எண்.