தெருவிளக்கு எரியாவிட்டால் எந்தக் கந்தோர்?

முல்லைத்தீவு நகரத்துக்கென்று தனி நகரசபை கிடையாது. நகரமும் சுற்றியுள்ள கரையோரக் கிராமங்களும் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் வருகின்றன. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கந்தோர் மாறிப் போய், வெயிலுக்குள் திரும்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, பிறப்புச் சான்றிதழ் என்றால் செயலகம். தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம், கட்டாக்காலி மாடு என்றால் சபை.

வீதிதான் சிக்கல். பரந்தனுக்குப் போகும் ஏ-35, மாங்குளத்துக்குப் போகும் ஏ-34 இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வேறு சில மாகாணத் திணைக்களத்துடையவை. உங்கள் வீட்டுக்கு வரும் கிரவல் ஒழுங்கை பெரும்பாலும் சபையுடையது. ஏ-35இல் விழுந்த குழிக்குச் சபைத் தலைவரான தவிசாளரோடு சண்டை பிடித்துப் பலனில்லை.

சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, இரண்டு வருடங்களுக்கு மேலாகச் செயலாளர்களே நிர்வாகத்தைக் கொண்டு போனார்கள். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மாதாந்த அமர்வு நடக்கிறது. அமர்வில் ஒருவர் பிரேரணை வைப்பார், இன்னொருவர் வழிமொழிவார், அது கூட்டறிக்கையில் ஏறும். சந்தைக்குள் உறுப்பினரை மறித்து "அண்ணை, எங்கட லைற்றைப் பாருங்கோ" என்று சொன்னால் அவர் தலையாட்டுவார். ஆனால் அது எந்தக் கொப்பியிலும் ஏறாது.

ஆகவே கடிதம் எழுதுங்கள். தவிசாளருக்கு ஒன்று, அதன் பிரதிகள் சபைச் செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும். நான் முதலில் "எங்கள் ஒழுங்கை இருட்டாகக் கிடக்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு போனேன். வாங்கிய தங்கச்சி பொறுமையாக வாசித்துவிட்டு, "எந்தக் கம்பம் அண்ணை?" என்று கேட்டார். சரி என்று திரும்பி வந்து, ரோச் அடித்து, கம்பத்தில் பாதி அழிந்து கிடந்த இலக்கத்தை எழுதிக்கொண்டேன். இரண்டாவது கடிதம் மூன்று வரிதான். கம்ப இலக்கம், ஒழுங்கையின் பெயர், எரியாமல் போன திகதி. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்க வேண்டாம்.

சபை சோலைவரி (வீடு, காணிக்கான வருடாந்த வரி) அறவிடும் பகுதியில் வீடு இருந்தால், முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டுங்கள், 10 சதவீதம் கழிவு உண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு, கடை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சபையின் கட்டட அனுமதி மட்டும் போதாது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அத்திவாரம் போட்ட பிறகு இதைக் கேள்விப்படுவது பெரிய செலவு.

கடிதம் கொடுத்து மாதங்கள் போயும் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன தீர்மானம், எந்த அமர்வில் என்று கேட்டால் போதும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.