ஒஷீன்: ஓர் ஐரிஷ் பெயரின் பொருளும் தமிழும்

அயர்லாந்தில் ஆண் குழந்தைகளுக்கு இன்றும் விரும்பி இடப்படும் பழம்பெயர் ஒஷீன் (Oisín). எழுத்தைப் பார்த்து இதை 'ஒய்சின்' என்று தமிழில் எழுதுவது பிழை. ஐரிஷ் மொழியில் இகரத்தையோ எகரத்தையோ ஒட்டி வரும் சகரம் 'ஷ' என ஒலிக்கும்; 'ஷான்' (Seán) என்ற பெயரிலும் இதே விதிதான். ஈற்றசையில் இகரத்தின் மேலுள்ள சாய்கோடு அதை நெடிலாக்குகிறது. சிலர் 'உஷீன்' என்றும் வழங்குவர்.

'ஒஸ்' என்பது மானைக் குறிக்கும் பழைய சொல். இன்றைய பேச்சில் அவ்விடத்தை 'ஃபீய' பிடித்துக்கொண்டது. 'ஈன்' சிறுமையும் செல்லமும் காட்டும் விகுதி. ஆக, ஒஷீன் என்றால் 'சிறு மான்'. வீட்டில் காய்ச்சும் சாராயத்துக்குரிய 'பொட்டீன்' என்ற பெயரும் 'சிறு பானை' என்று இவ்விகுதியால் அமைந்ததே.

பெயர்க்காரணத்தைப் பழங்கதை அழகாகச் சொல்கிறது. ஃபியன் மக்கூல் என்ற வீரனின் மனைவி சைவ், மந்திரத்தால் பெண்மானாக்கப்பட்டுக் காணாமல் போகிறாள். ஆண்டுகள் கழித்து, ஸ்லைகோ மாவட்டத்தின் பென் புல்பன் மலைச்சரிவில் ஆடையின்றி நின்ற சிறுவனைத் தன் மகன் என்று அவன் அறிகிறான். தாய் நாவால் வருடிய நெற்றியில் மான்மயிர் ஒரு கொத்து முளைத்திருந்ததாம். அச்சிறுவனே வளர்ந்து பெருங்கவிஞனானான்.

ஸ்காட்லாந்தில் இப்பெயர் 'ஓசியன்' ஆயிற்று. 1760 முதல் ஜேம்ஸ் மக்ஃபர்சன், ஓசியன் பாடியவற்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்ட கவிதைகள் பெரும்பாலும் அவரே புனைந்தவை என்றாலும், ஐரோப்பாவையே மயக்கின. அவற்றை விரும்பிப் படித்த நெப்போலியன், 1799-இல் பிறந்த தன் ஞானமகனுக்கு ஒஷீனுடைய மகன் பெயரான ஆஸ்கரைத் தேர்ந்தார். அக்குழந்தையே 1844-இல் சுவீடன், நார்வே நாடுகளின் அரசரானார்.

தமிழில் நிகர்ச்சொல் எது? மானின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் தரும் பெயர் 'மறி'. ஆகவே 'மான்மறி' மரபுக்கு முற்றும் பொருந்தும். ஆயினும் 'மறி' விலங்கின் இளமையையே சுட்டும். 'ஈன்' விகுதியில் உள்ள கொஞ்சல் அதில் வராது. 'குட்டித் தம்பி' என்னும்போது வயதும் அளவும் பாசமும் ஒருசேர ஒலிக்கின்றனவே, அந்தக் 'குட்டி'யே விகுதிக்கு நெருங்கிய உறவு. எனவே ஆய்வுரையில் 'மான்மறி' என்று எழுதலாம். பெயரின் பொருளைச் சொல்லும் இடத்தில் 'மான்குட்டி' என்பதையே நான் கொள்வேன்.