சுவரில் சான்றிதழ், கவுண்டரில் யார்?

எந்த மெடிக்கலுக்குள் நுழைந்தாலும் சுவரில் கண்ணாடி போட்ட, மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் ஒன்று தொங்கும். அதில் இருக்கும் பெயருக்கு உரியவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "இப்பதான் சாப்பிடப் போனார்" என்பார்கள். சில கடைகளில் அவர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பவருக்கு மாதாமாதம் ஒரு தொகை போய்விடும். சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது என்று இதற்குத் தொழிலில் பெயரே இருக்கிறது. மருந்தாளுநர் அறம் பற்றிப் பேச்செடுத்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் காலி நாற்காலியில்தான் முளைக்கின்றன.

மருத்துவரின் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு என்று 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42ஆம் பிரிவில் சொல்கிறது. தொழிலுக்கு இழுக்கான நடத்தை நிரூபணமானால் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க 36ஆம் பிரிவு இடம் தருகிறது. 2015இல் வந்த பார்மசி தொழில் ஒழுங்குமுறைகள் வெள்ளை மேலங்கியையும், பெயரும் பதிவு எண்ணும் தெரியும் அடையாள அட்டையையும் கட்டாயமாக்கின. யாரிடம் மருந்து வாங்குகிறோம் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர் அப்படி என்ன செய்துவிடுகிறார்? பெயரைப் படித்து அட்டையை எடுத்துக் கொடுக்கப் பழகிய பையன் போதாதா? கடை உரிமையாளர்கள் பலர் உண்மையாகவே கேட்கும் கேள்வி இது. ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம்.

மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், மூன்று மாத்திரை, வாரம் ஒரு முறை. மூட்டுவாதத்துக்கு எழுதுவது. அந்த 'வாரம் ஒரு முறை' கிறுக்கலாக, வரியின் ஓரத்தில் இருக்கும். மற்ற மாத்திரைகள் எல்லாம் தினமும் போடுபவை என்பதால் பழக்கத்தில் கை அட்டையின் மேல் 'காலை 3' என்று எழுதிவிடும். நோயாளியும் நம்பிக்கையோடு தினம் மூன்று போடுவார். சில நாட்களில் வாய் முழுக்கப் புண் வரும், வெள்ளணுக்கள் சரியும், தொற்று தாக்கும். இதனால் உயிர் போயிருக்கிறது, உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கும் தவறு இது. விவரம் தெரிந்தவர் கவுண்டரில் இருந்தால் முதலில் எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்பார். வாரத்தில் எந்தக் கிழமை என்று நோயாளியோடு பேசி முடிவு செய்து, 'புதன் மட்டும்' என்று கிழமையின் பெயரையே கவரில் எழுதுவார். 'வாரம் ஒரு முறை' என்பதைவிட அது தெளிவு. நான்கு வாரத்துக்குப் பன்னிரண்டு மாத்திரைக்கு மேல் கொடுக்க மாட்டார். கூடவே எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட்டை எந்த நாளில் போடுவது என்று பிரித்துச் சொல்வார். கடைசியாக, "எப்படிப் போடுவீங்கன்னு ஒரு தடவ நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்பார். முழுதும் இரண்டு நிமிட வேலை.

குழந்தைகளுக்கான பாரசிட்டமாலில் இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம், சிலவற்றில் 250. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 120 சிரப்பில் ஆறேகால் மில்லி. முன்பு சிரப் வாங்கிய தாய், இந்த முறை சொட்டு மருந்து வாங்கிப் போய்ப் பழையபடி ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். இரண்டு மூன்று நாள் அப்படியே தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. எனவே பாட்டிலை நீட்டும் முன் பிள்ளை எத்தனை கிலோ என்று கேளுங்கள். அளவுக் குழாயில் எந்தக் கோடு என்று நகத்தால் காட்டிக் கொடுங்கள். வீட்டுக் கரண்டியில் அளக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஓர் அளவு.

சீட்டில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பார்மசி கவுன்சிலின் பழைய நெறிமுறையில் ஓர் அழகான வரி இருக்கிறது: சீட்டை வாங்கும்போது அதிர்ச்சியோ வியப்போ முகத்தில்கூடத் தெரியக் கூடாது. நோயாளிக்கு மருத்துவர் மேல் இருக்கும் நம்பிக்கையை நம் புருவம் கெடுத்துவிடக் கூடாது. "இதையா எழுதிக் குடுத்தாரு?" என்று ஒரு சொல் போதும், அவர் மருந்தையே நிறுத்திவிடுவார். ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்: "டாக்டர், இந்த நோயாளிக்கு இந்த மருந்து இந்த அளவில் எழுதியிருக்கு, உறுதிசெய்துக்கலாமா?" போதும். பேசிய நேரத்தையும் அவர் சொன்ன திருத்தத்தையும் எழுதி வையுங்கள். அவர் கிடைக்காவிட்டால், சந்தேகமுள்ள அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தி வைத்து மற்றவற்றைக் கொடுக்கலாம். கேட்காமல் நாமே அளவைத் திருத்துவதும், எழுதிய பிராண்டுக்குப் பதிலாக இன்னொன்றைச் செருகுவதும் கூடாது. மருந்து விதிகளில் 65ஆம் விதி மாற்று மருந்து கொடுப்பதை வெளிப்படையாகவே தடுக்கிறது. லாபம் கூடுதல் என்பதற்காக மாற்றிவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்பது பொய்யும்கூட. வலிப்பு மாத்திரையிலும் தைராய்டு மாத்திரையிலும் தயாரிப்பு மாறினால் ரத்தத்தில் அளவு மாறக்கூடும்.

சீட்டே இல்லாமல் வருபவர்கள்தான் நம் ஊர்க் கடைகளின் பெரிய சோதனை. "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க." வெட்டிய துண்டுகள் நாலைந்து ஒரு காகித உறைக்குள் போகும்: பாரசிட்டமால், சளிக்கு ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சீக்கிரம் 'கேட்க' வேண்டும் என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று. சரியாகவும் கேட்கும், அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி நோயை மறைக்கும், சர்க்கரையை ஏற்றும். வலிக்கென்று டைக்ளோஃபினாக் சேர்ந்து, வந்திருப்பது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரை போகலாம். உறையில் பெயர் இல்லை, எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ஒவ்வாமை வந்து மருத்துவமனைக்கு ஓடினால் என்ன சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுக்கக்கூடியது பாரசிட்டமால் மட்டும், அதுவும் பெயர் தெரிய. மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல், கடும் வயிற்று வலி, கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் அதுவும் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம், மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். வியாபாரம் போகும்தான். பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார் என்பதும் உண்மைதான். அதற்காக நம் கையால் கொடுக்க வேண்டியதில்லை.

அட்டை வெட்டுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பேட்ச் எண்ணும் காலாவதியும் அச்சிட்ட முனையை விட்டு எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். கடைசி மாத்திரை வரை விவரம் கடையில் இருக்கும். வெட்டிய துண்டை வாங்குபவருக்கு அவை இரண்டையும் உறையிலும் பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

பேட்ச் எண்ணை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தின் எஸ்ஆர்-13 என்ற ஒரே பேட்சில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த நஞ்சைக் கவுண்டரில் நின்று கண்டுபிடிக்க எந்த மருந்தாளுநராலும் முடியாது. ஆனால் எச்சரிக்கை வந்த அந்த மணிநேரத்திலேயே அலமாரியிலிருந்து எடுத்து, 'விற்பனைக்கு இல்லை' என்று தனிப் பெட்டியில் பூட்டி, அதே பேட்சை யாருக்கு விற்றோம் என்று பில்லைப் புரட்டி வீடுவீடாக அழைத்துச் சொல்ல முடியும். பில்லே போடாத கடைக்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது.

கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்துகள் 2014 மார்ச்சிலிருந்து தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும்: எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த அளவு. மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து கற்பனைப் பெயர்களால் பக்கத்தை நிரப்புவது பல இடங்களில் நடக்கிறது. அது ஆவண மோசடி. காசநோய் மருந்துகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் 2018இலிருந்து நமக்கு உண்டு. அரசுக்குச் சொல்லலாம், அடுத்த வாடிக்கையாளர் காதில் விழச் சொல்லக் கூடாது. காசநோய், மனநல மருந்து, கர்ப்பப் பரிசோதனை அட்டை எதுவானாலும் பெயரை உரக்கக் கத்தி அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். சிறிய ஊரில் அந்த ஒரு கத்தலோடு அவர் மருந்துக்கு வருவதையே விட்டுவிடுவார்.

டேபென்டடால் கேட்டு வரும் இளைஞர்களை எல்லா ஊர்க் கடைக்காரர்களும் அறிவார்கள். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சீட்டு இல்லையென்றால் இல்லை. சீட்டு இருந்தாலும் தேதி பழையதா, எண்ணிக்கை திருத்தப்பட்டிருக்கிறதா, அதே சீட்டில் வேறு கடையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கொடுத்ததும் மருத்துவர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயர், முகவரி, தேதி எழுத வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. அதை எல்லோரும் ஒழுங்காகச் செய்தால் ஒரே சீட்டு பத்துக் கடை ஏறாது.

மருத்துவருக்குக் கமிஷன், சாம்பிள் மருந்தை விற்பது, காலாவதித் தேதியை அழித்துப் புதிதாக ஒட்டுவது: இவை குற்றம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை, விளக்கவும் வேண்டியதில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மருந்து மாறிப் போகும். மாலை கூட்டத்தில் ஒரு சுகர் மாத்திரை வேறொருவர் பையில் விழுந்துவிட்டது என்று கடை சாத்தும்போது கணக்கில் தெரிகிறது. அப்போது மறைக்கத் தோன்றும். உடனே அழையுங்கள். "தப்பு எங்களோடது, அந்த மாத்திரையைப் போடாதீங்க" என்று நேராகச் சொல்லுங்கள். போட்டுவிட்டார் என்றால் எத்தனை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கிளிமிபிரைடு போலச் சர்க்கரையை வேகமாகத் தாழ்த்தக்கூடியது என்றால், விழிப்போடு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சர்க்கரை தாழ்வது ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரலாம். அட்டையைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். எழுதிய மருத்துவருக்கும் தெரிவியுங்கள். மறுநாள் காலையில் அந்த இரண்டு மருந்தும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவா என்று பார்த்து, இடத்தை மாற்றுங்கள். இத்தனையும் நடக்க வேண்டுமானால் பில்லில் அவருடைய செல்பேசி எண் இருந்தாக வேண்டும். நாளையிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் அதைக் கேட்டு எழுதுங்கள்.