ஃபேகோசைட் எனும் விழுங்கணு

காலில் முள் தைத்த இடம் இரண்டு நாளில் சிவந்து வீங்கி, நடுவில் வெள்ளையாகச் சீழ் கோத்துக்கொள்வதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தச் சீழைக் கெட்ட நீர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் பெரும்பகுதி, முள்ளோடு உள்ளே நுழைந்த கிருமிகளைப் பிடித்து விழுங்கி, அந்த வேலையிலேயே மடிந்துபோன நம் வெள்ளையணுக்கள். சீழிலும் சளியிலும் சில வேளை தெரியும் பச்சைச் சாயல்கூட அந்த அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம்தான். இப்படி அயற்பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும் அணுவை அறிவியல் உலகம் ஃபேகோசைட் என்று அழைக்கிறது. தமிழில் விழுங்கு செல், செல் விழுங்கி, தின்குழியம், விழுங்கணு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் விழுங்கணுவே பொருத்தமானது என்பது என் முடிவு. அதற்கான காரணம் அந்த அணு செய்யும் வேலையிலேயே இருக்கிறது.

சொல் பிறந்த கதையும் ஒரு முள்ளில்தான் தொடங்குகிறது. உருசியப் பேரரசின் ஒடெசாவில் பேராசிரியராக இருந்த விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், பதவியைத் துறந்துவிட்டு 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து நட்சத்திர மீனின் இளவுயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளவுயிரியின் உடல் கண்ணாடிபோல் ஊடு தெரிவது. உள்ளே அணுக்கள் ஊர்வதை உயிரோடு இருக்கும்போதே காணலாம். ஊர்ந்து திரியும் இந்த அணுக்கள் உணவைச் செரிப்பதோடு, உடலுக்குள் புகுந்த அயற்பொருளை எதிர்க்கவும் உதவுமோ என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. தோட்டத்திற்குப் போய் ரோஜா முள் சிலவற்றைக் கொண்டுவந்து இளவுயிரியின் தோலுக்கடியில் செருகினார். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன.

அக்காலத்தில் வெள்ளையணுவுக்குள் கிருமி காணப்பட்டால், அந்த அணு கிருமிக்கு ஊர்தியாகி நோயைப் பரப்புகிறது என்றே பலரும் கருதினர். மெச்னிகோவ் அந்தக் கருத்தைத் தலைகீழாகத் திருப்பினார். தெள்ளுப்பூச்சி அளவே உள்ள டாஃப்னியா என்ற நன்னீர் உயிரியின் உடலில் பூஞ்சை வித்துகள் நுழைவதையும், அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்குவதையும், விழுங்கி முடித்த உயிரி பிழைப்பதையும், வித்துகள் மிஞ்சினால் உயிரி சாவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து 1884-இல் வெளியிட்டார். இந்த ஆய்வுகளுக்காக 1908-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிச்சுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

பெயரை வைத்தவர் மெச்னிகோவ் அல்லர். ஊர் திரும்பும் வழியில் அவர் வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளவுஸைச் சந்தித்தார். தின்னும் அணு என்ற பொருளில் தாம் மனத்தில் வைத்திருந்த ஜெர்மன் சொல்லுக்கு ஒரு கிரேக்க வடிவம் வேண்டும் என்று கேட்டபோது கிடைத்ததுதான் ஃபேகோசைட். 1883 முதல் அது அச்சில் வழங்குகிறது. ஜெர்மானியர் இன்றும் தம் பேச்சில் ஃப்ரெஸ்செல்லே என்றே சொல்கிறார்கள். மனிதர் உண்பதற்கு எஸ்ஸன் என்றும், விலங்கு தின்பதற்கு ஃப்ரெஸ்ஸன் என்றும் அம்மொழியில் இரண்டு வினைகள் உண்டு. அணுவுக்கு இரண்டாவதைத்தான் கொடுத்தார்கள். ஆகவே மூலக் கருத்திலேயே, உண்ணுதலுக்கு எத்தனை சொல் உண்டு, இங்கே பொருந்துவது எது என்ற தேர்வு இருந்திருக்கிறது. கிரேக்கத்திற்குப் போனபோது அந்த நுட்பம் மறைந்தது. தமிழில் அதை மீண்டும் எழுப்ப முடியும்.

கிரேக்கச் சொல்லின் முற்பாதி ஃபாகெய்ன், அதாவது உண்ணுதல். பிற்பாதி கைட்டோஸ், அதாவது உட்குழிவான பாத்திரம். இந்தப் பிற்பாதிக்கு இலங்கைத் தமிழர் கொண்ட சொற்கள் வியக்கத்தக்கவை. அங்கே உயிரணுவைக் கலம் என்கிறார்கள். உண்கலம், மரக்கலம், அணிகலம் என நாம் அறிந்த அதே கலம். கைட்டோஸ் என்ற சொல்லின் நேர்ப்பொருள் இதில் சிறிதும் சிதையவில்லை. குருதியில் மிதப்பவற்றைக் குழியம் என்று பிரித்து, செங்குழியம், வெண்குழியம், தின்குழியம் என வரிசையாக ஆக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செல் என்ற சொல்லையே வைத்துக்கொண்டு விழுங்கு செல் என எழுதுகின்றன. இதழ்களில் உயிரணு என்ற சொல் வேரூன்றிவிட்டது. அணு என்று சுருக்கினால் அது இயற்பியலின் அணுவோடு குழம்பாதா என்று கேட்கலாம். ஆனால் சிவப்பணு, வெள்ளையணு ஆகிய சொற்களை ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் எவரும் இயல்பாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை. மக்கள் வாயில் நிலைத்த அந்த வரிசையில் விழுங்கணு எளிதாகச் சேர்ந்துகொள்கிறது.

இனி முற்பாதிக்கு வருவோம். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று உணவை நால்வகையாகப் பிரிப்பது தமிழின் பழைய வழக்கு. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், பாலைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். தின்னுதலில் பல்லும் மெல்லுதலும் அடங்கியிருக்கின்றன. கறையான் மரத்தைத் தின்றது, துரு இரும்பைத் தின்றது என்னும்போது சிறிது சிறிதாக அரித்து அழித்தல் என்ற பொருள் வருகிறது. விழுங்குதல் வேறு. மெல்லாமல், உடைக்காமல், முழுதாக உள்ளே கொள்வதே விழுங்குதல். பாம்பு தவளையை விழுங்குகிறது. செரிப்பது பிறகு நடக்கும் வேலை.

அணு செய்வது துல்லியமாக இதுதான். 1950-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் நுண்ணோக்கி வழியே எடுத்த ஒரு சிறு படம் இன்றும் வகுப்பறைகளில் காட்டப்படுகிறது. நெருங்கிக் கிடக்கும் சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணு ஒன்று நகர்கிறது. அதற்கு முன்னால் இரட்டைப் புள்ளிகளாகத் தெரியும் ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இங்கும் அங்கும் நழுவுகிறது. கிருமியிலிருந்து கசியும் வேதிப்பொருளின் தடத்தைப் பிடித்து அணுவும் திரும்புகிறது. எட்டியதும் போலிக்கால்களை இருபுறமும் நீட்டி, அவற்றின் நுனிகளை ஒட்டி மூடிவிடுகிறது. அணுவுக்கு வாயும் இல்லை, தொண்டையும் இல்லை. தன் மேற்சவ்வையே மடித்துப் பையாக்கி, அந்தப் பைக்குள் கிருமியை முழுதாக, பெரும்பாலும் உயிரோடு, வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் செரிநொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற பைகள் வந்து அதனோடு இணைகின்றன, உள்ளே அமிலம் ஏறுகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடும் பிளீச்சிங் பவுடரில் உள்ளதைப் போன்ற குளோரின் சேர்மமும் உருவாகிக் கிருமி சாகிறது.

விழுங்குதலுக்கும் கொல்லுதலுக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியைக் காப்பாற்றுகிற சொல்லே நல்ல கலைச்சொல். கிருமிக்கொல்லி அணு என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும்; ஆனால் தவறு. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற பிறவிக் குறைபாட்டில் விழுங்கணுக்கள் கிருமியைக் குறையின்றி விழுங்குகின்றன. உள்ளே பெராக்சைடு போன்றவற்றை உருவாக்கும் நொதி பழுதுபட்டிருப்பதால் பல கிருமிகளைக் கொல்ல மட்டும் முடிவதில்லை. அந்தக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டிகளாலும் பூஞ்சைத் தொற்றாலும் அவதிப்படுகிறார்கள். காசநோய்க் கிருமியோ வேறு வழியைக் கையாள்கிறது. தன்னை விழுங்கிய பையோடு லைசோசோம் இணையாதபடி தடுத்து, அந்தப் பைக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட், விழுங்கிய அணுவையும் சாகவிடாமல் தானும் சாகாமல் முழுதாக வெளியேறிவிடும் என்பது 2006-இல் தெரியவந்தது. கிரகணத்தன்று பாம்பு நிலவை விழுங்கியது என்று நம் முன்னோர் சொன்னார்கள். நிலவு சிறிது நேரத்தில் வெளியே வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விழுங்கப்பட்டது அழிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் தமிழ் வழக்கில் இல்லை. தின் என்ற வினையில் அந்த விடுபாடு கிடையாது. தின்றது திரும்பி வராது.

இதற்கு ஒரு சான்று சென்னையிலேயே கிடைத்தது. 1903-ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், மண்ணீரல் வீங்கிய காய்ச்சல் நோயாளிகளிடம் நுண்ணிய முட்டைவடிவப் பொருள்களைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், கொல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணியாற்றி நோயுற்ற ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மனும் அவற்றைக் கண்டு எழுதியிருந்தார். அதுவே காலா அசார் நோயின் ஒட்டுண்ணி. இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று அழைக்கப்படுகிறது. அது மனித உடலில் தங்கிப் பெருகும் இடம் விழுங்கணுவின் உட்புறம்தான். தன்னை அழிக்க வந்த அணுவையே அது வீடாக்கிக்கொள்கிறது.

கிருமிவிழுங்கி என்று சுருக்குவதும் போதாது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள், ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை நொடிக்கு 20 லட்சம் என்ற அளவில் விழுங்கி, அவற்றின் இரும்பை எடுத்துப் புது அணுக்களுக்குத் திருப்பித் தருகின்றன. எதை விழுங்குகிறது என்பதைச் சொல்லாமல், விழுங்குகிறது என்பதை மட்டும் சொல்வதே இங்கே சரி. இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. விழுங்கு, அணு ஆகிய இரண்டும் சேரும்போது உகரம் கெட்டு விழுங்கணு என்றாகிறது. இது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை. விழுங்கிய அணு, விழுங்குகின்ற அணு, விழுங்கும் அணு என மூன்று காலமும் அதில் உண்டு. எலும்பு மச்சையிலிருந்து அன்று புறப்பட்டு இன்னும் எதையும் தொடாத அணுவுக்கும், சீழில் கிடக்கும் மடிந்த அணுவுக்கும் ஒரே பெயர் பொருந்திவிடுகிறது.

இந்தக் குடும்பத்தின் பிற சொற்களையும் இதனோடு ஒழுங்குபடுத்தலாம். நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் மிகுந்தவை; மச்சை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடியை உருவாக்குகிறது, அவையும் விரைவில் மடிகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற பெயரை மெச்னிகோவே வைத்தார். திசுக்களில் தங்கி நெடுநாள் வாழும் பெரிய விழுங்கணு அது. அதன் கிரேக்கப் பெயரில் கைட்டோஸ் இல்லாததால் பெருவிழுங்கி என்பது அளவொத்த சொல். பெருவுண்ணி என்று ஆக்கினால் மாட்டின் மேலும் நாயின் மேலும் ஒட்டும் உண்ணிதான் நினைவுக்கு வரும். அணு நீர்மத்தைச் சிறு துளிகளாக உள்ளே கொள்ளும் செயலுக்கு பினோசைட்டோசிஸ் என்று பெயர். பருகுதல் என்ற பழந்தமிழ்ப் பிரிவு அதற்கென்றே காத்திருந்ததுபோல் இருக்கிறது. பாக்டீரியோஃபேஜ் என்பதில் மட்டும் மூலச்சொல்லே பிழையுடையது. அது ஒரு வைரஸ். எதையும் விழுங்குவதில்லை, பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்திப் பெருகி அதை உடைக்கிறது. அதை பாக்டீரியா விழுங்கி என்று மொழிபெயர்ப்பது அந்தப் பிழையைத் தமிழிலும் நிலைநிறுத்துவதாகும். பாக்டீரியா வைரஸ் என்றே சொல்லிவிடலாம்.

விழுங்குவதோடு வேலை முடியாத அணுவும் உண்டு. 1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மன் விவரித்த டென்ட்ரிட்டிக் அணு, விழுங்கிய கிருமியின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்தி, நிணநீர்க் கணுவுக்குப் போய், நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி அணுக்களுக்குக் காட்டுகிறது. அதன் பெயர் மரம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, கிளைத்த உருவத்தை வைத்து வந்தது. அதைக் கிளையணு என்றால் போதும். விழுங்குதலை அதன் பெயரில் புகுத்த வேண்டியதில்லை.

கடைசியாக, விழுங்கணுவுக்குத் துணைசெய்யும் ஒப்சோனின் என்ற பொருள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியைச் சுற்றி வழுவழுப்பான சர்க்கரை உறை இருக்கிறது. விழுங்கணு பற்றினாலும் வழுக்கிவிடும். எதிர்ப்பொருள் அந்த உறைமீது படிந்தால், அணுவின் ஏற்பிகளுக்குப் பிடி கிடைக்கிறது, விழுங்கல் விரைவாகிறது. அந்தக் கிருமிக்கான தடுப்பூசி நம் உடலில் உருவாக்குவது இத்தகைய எதிர்ப்பொருளைத்தான். குருதிநீரில் இப்படி உதவும் பொருள் உண்டு என்று 1903-இல் காட்டிய ஆல்ம்ரத் ரைட் அதற்கு வைத்த பெயரின் வேர் ஒப்சான் என்ற கிரேக்கச் சொல். பழைய கிரேக்கர் ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் அது. தமிழில் அதற்குத் தொடுகறி என்று பெயர்; தென்மாவட்டங்களில் வெஞ்சனம் என்பார்கள். பாடநூலில் ஒப்சோனின் என்றே இருக்கட்டும். மாணவருக்கு விளக்கும்போது, வெறுஞ்சோறு தொண்டையில் இறங்காத பிள்ளைக்குத் தட்டின் ஓரத்தில் வைக்கும் தொடுகறி இது என்று சொன்னால், அந்தப் பெயரின் பொருள் அவர்களைச் சேர்ந்துவிடும்.